கையெழுத்துப் போடாமல் ஐந்து நாள்

பினாங்கில் இறங்கிய அன்று எனக்குக் கிடைத்த முதல் அறிவுரை இது: "புஷ்பாவப் பேசாம கையெழுத்துப் போடச் சொல்லுங்கக்கா. நீங்க கொடிமலை ஏறுங்க, லக்சா சாப்பிடுங்க, ஊர் போய்ச் சேருங்க."

சொன்னவர் கோலாலம்பூர்க்காரர். விலைக்கு விற்கப்படும் ஒரு தேடல் மென்பொருளின் விற்பனைப் பிரதிநிதி. நல்ல தமிழ், இஸ்திரி கலையாத சட்டை, ஐந்து நிமிடத்தில் என்னை அக்கா ஆக்கிவிட்டார். ஜார்ஜ்டவுனில் ஒரு நாசி கண்டார் கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். சோற்றின்மேல் நான்கு குழம்பைக் கலந்து ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் மதுரையில் இப்படி ஊற்றினால் பரிமாறியவரோடு சண்டைக்குப் போவார்கள். இங்கே அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். சாப்பிட்டுப் பார்த்தேன், சண்டை போடத் தோன்றவில்லை. ஆனால் அறிவுரை தொண்டையில் நின்றது.

"நான் ஊர் சுற்ற வரவில்லை" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அந்த வாரம் முழுவதும் என்னை ஓட்டியது.

வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். புஷ்பா, தீவுக்கு எதிர்க்கரையில் பத்து காவான் என்ற ஊரில், மருத்துவக் குழாய்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தகவல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். இருவரும் தேடல் மென்பொருளோடு மல்லுக்கட்டுகிறவர்கள். ஆறு வருடமாக இணையக் குழு ஒன்றில் ஒருவருக்கொருவர் சந்தேகம் தீர்த்து வந்தோம், நேரில் பார்த்ததில்லை. அவள் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடியும்போது தொழிலாளர்கள் அடுத்த ஷிஃப்டுக்குக் குறிப்பு எழுதி வைப்பார்கள். எந்த மெஷின் தகராறு, எது சரி என்று இரண்டு வரி. ஐந்து வருடக் குறிப்புகள் அந்த விலைக்கு வாங்கிய மென்பொருளுக்குள் கிடந்தன. கேட்டால் தேடித் தரும், வாரவாரியாக எண்ணிக் காட்டும். இந்த வருடம் ஒப்பந்தத்தை மாற்றிவிட்டார்கள். பழைய திட்டத்தில் இருந்தால் கடைசி மூன்று மாதக் குறிப்புகளை மட்டும்தான் தேடலாம். அதற்கு முந்தையது வேண்டுமானால் பெரிய திட்டத்துக்கு மூன்று வருடம் கையெழுத்துப் போட வேண்டும்.

இது நடந்த நேரம்தான் மோசம். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஆறாம் நம்பர் மெஷினில் ரோஸ்னா என்ற மலாய்ப் பெண்ணின் கை வெந்துவிட்டது. அந்த லைனுக்குத் தலைவி கஸ்தூரி அக்கா, பத்தொன்பது வருடமாக அங்கே வேலை செய்கிறவர். மெஷினில் கோளாறு இருந்தும் அவர் தெரிவிக்கவில்லை என்று அவர்மேல் விசாரணை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. வேலை போகலாம். ஆறு மாதத்துக்கு முன்னால் லைனே சேர்ந்து ஒரு வாரம் முழுக்க அந்த மெஷினைப் பற்றி எழுதியது என்கிறார் கஸ்தூரி அக்கா. எழுதியது இருக்கிறது. ஆனால் பூட்டுக்குள் இருக்கிறது.

பழைய குறிப்பை யார் படிக்கப்போகிறார்கள் என்று பெரிய திட்டம் வேண்டாமென்று மேனேஜர் சொல்லிவிட்டார். பிரிவுத் தலைவி என்ற முறையில் நீங்களே கையெழுத்துப் போடலாம், போட்டால் அன்றைக்கே திறந்துவிடுகிறேன் என்று பிரதிநிதி புஷ்பாவின் பின்னாலேயே அலைந்தார். புஷ்பாவுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. எங்கள் ஆட்கள் எழுதியதைப் படிக்க நாங்கள் ஏன் அடுத்தவரிடம் கைநீட்ட வேண்டும் என்று கேட்டு, எனக்கு எழுதினாள். தினசரி பேக்கப் கோப்புகள் அவளிடமே இருந்தன. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட திறமூல மென்பொருள் ஒன்றில் அவற்றை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. நான் ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும். நம் ஊர் பரோட்டாவின் ஒன்றுவிட்ட தம்பி. தே தாரிக்கை ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றுகிறார்கள், நம் ஊர் டீ மாஸ்டர் பார்த்தால் சந்தோஷப்படுவார், சர்க்கரையைப் பார்த்தால் அழுவார். பிறகு நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். தொழிற்சாலை அக்கரையில் இருக்கிறது, கப்பல் அக்கரைக்குப் போகிறது, அப்புறம் என்ன என்று ஃபெரியில் ஏறிவிட்டேன். நல்ல காற்று. ஒரு சீனப் பாட்டி பேரனிடம், கம்பியில் ஏறாதே, விழுந்தால் மீனெல்லாம் பயந்து ஓடிவிடும் என்று அதட்டியதாகப் பக்கத்தில் நின்றவர் மொழிபெயர்த்தார்.

பட்டர்வொர்த்தில் இறங்கிப் பேருந்து தேடினேன். பத்து காவானுக்கு என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைக் காட்டினார்கள். கடைசியில் சந்திரன் என்ற வாடகைக் கார்க்காரர் பரிதாபப்பட்டு ஏற்றிக்கொண்டார்.

"ஃபெரில வந்தீங்களா? யாரு சொன்னா? பத்து காவானுக்கு கெரேத்தா, காரு, இல்லாம போக முடியாதுலா. அங்கேயே ரெண்டாவது பாலம் ஏறியிருந்தா இந்நேரம் வேலைய முடிச்சிருப்பீங்க."

வெள்ளிக்கிழமை வரை என்னைக் கொண்டுபோய் விடும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். அவர் தங்கை செபராங் ஜெயாவில் இருக்கிறாள், மைத்துனர் புக்கிட் மெர்தாஜாமில் கடை வைத்திருக்கிறார், தாத்தா வேலை பார்த்த தோட்டம் இந்தத் தொழிற்பேட்டையின் அடியில்தான் எங்கேயோ இருக்கிறது. எல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

புஷ்பா வாசலில் நின்றாள். எழுத்தில் பார்த்ததைவிடக் குள்ளம், எழுத்தில் பார்த்த அதே கோபம். கட்டிக்கொண்டு, "லேட்டு" என்றாள்.

அன்றைக்கு எந்த மென்பொருள் என்று தீர்மானிக்க வேண்டும். மூன்று எங்கள் கையில் இருந்தன. ஒன்று மிக லேசானது, மின்னல் வேகம். ஆனால் 'இந்த மெஷினைப் பற்றி எந்த வாரம் எத்தனை பேர் எழுதினார்கள்' என்று எண்ணிக் கேட்டால் விழித்தது. இரண்டாவது பழையது, கல்லுப்பிள்ளையார் போல அசையாது. ஆனால் கேள்வி கேட்கும் முறை முழுக்க வேறு. புஷ்பா எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும், அவளுக்கு நான்கு நாள்தான் இருந்தது. மூன்றாவது, அந்த விலைக்கு விற்கும் மென்பொருளே திறந்த உரிமத்தில் இருந்த காலத்தில் அதன் நகலை எடுத்துப் பலர் சேர்ந்து வளர்த்த கிளை. புஷ்பாவின் பழைய கேள்விகள் அநேகமாக அப்படியே ஓடின.

ஆனாலும் நான் உடனே தலையாட்டவில்லை. இன்று திறந்திருப்பது நாளை மூடாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? சூடுகண்ட பிறகும் அதே அடுப்பில் கைவைக்கக் கூடாதல்லவா. உரிமத்தை வரிவரியாகப் படித்தோம். அதைவிட முக்கியமாக, அதை யார் நடத்துகிறார்கள் என்று பார்த்தோம். ஒரே கம்பெனியின் பிடியில் இருந்தால் வேண்டாம் என்பது என் கட்சி. இந்தக் கிளையை ஒரு பொது அறக்கட்டளை நடத்துகிறது, முடிவெடுக்கும் குழுவில் பல இடத்து ஆட்கள் இருக்கிறார்கள். சரி என்றேன். இலவசம் என்பதற்காக இல்லை. இலவசமாகக் கொடுத்துப் பழக்கிவிட்டுப் பிறகு கதவைச் சாத்துகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சாவி ஒரு ஆளிடம் மட்டும் இல்லை என்பதற்காக.

சாயங்காலத்துக்குள் கோப்புகளை ஏற்றினோம். ஒரு சிக்கல். தினசரி பேக்கப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒரே குறிப்பு நான்கு கோப்புகளில் இருந்தது. நேரமும் குழம்பியிருந்தது. சில கோப்புகளில் மலேசிய நேரம், சிலவற்றில் அதைவிட எட்டு மணி நேரம் பின்தங்கிய உலக நேரம். நேரத்தை நம்ப முடியாது என்று நான் ஒரு விதி எழுதினேன். ஒரே லாகின், ஒரே வாசகம், ஒரே வாரம் என்றால் ஒன்றை வைத்துக்கொள், மற்றதை விடு. ஒப்பிடும்முன் புள்ளி, கோடு எல்லாவற்றையும் நீக்கிவிடு. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதினேன்.

புதன்கிழமை காலை மேனேஜர் அறையில் காட்டினோம். பிரதிநிதியும் வந்து உட்கார்ந்திருந்தார். 'ஆறாம் நம்பர் சூடு' என்று புஷ்பா மலாயில் தட்டித் தேடினாள். ஒரே ஒரு வரி வந்தது. மலாயில்: ஆறாம் நம்பர் சூடு வேறு மாதிரி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முந்தைய குறிப்பு.

மேனேஜர் அமைதியான மனிதர். ஒரு தடவைதான் எழுதியிருக்கிறார்கள், அதை ஒரு புகார் என்று எப்படி எடுத்துக்கொள்வது என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிரதிநிதி அதற்காகத்தான் காத்திருந்தார். பழைய மென்பொருள் கடைசியாகக் காட்டிய மொத்த எண்ணிக்கையை எடுத்து நீட்டினார். எங்களிடம் அதில் பெரும் பகுதி குறைந்தது. "ஓசி எஞ்சின் சாப்ட்டுடுச்சுக்கா" என்றார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, ஏதாவது தப்பானால் இந்த இலவச மென்பொருளில் யாரைக் கூப்பிட்டுத் திட்டுவீர்கள் என்றார்.

"என்னைத் திட்டச் சொல்லுங்கள்" என்றேன். "உங்களைத் திட்ட வேண்டுமென்றால் முதலில் உங்கள் அழைப்பு மையத்தில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வேண்டும். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்."

வீராப்பாகச் சொல்லிவிட்டேன். ஆனால் தேடல் எஞ்சின் எதையும் சாப்பிடாது. சாப்பிட்டது வேறு யாரோ. அது நானாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை மத்தியானம் முழுக்கத் தள்ளிவைத்தேன். கேன்டீனில் மீ கோரிங் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டிருந்தபோது கஸ்தூரி அக்கா எதிரில் வந்து உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தலைமுடியை வலைக்குள் இழுத்துக் கட்டியிருந்தார். காலையில் நடந்தது அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

"ஒண்ணுதான் இருக்குன்னாங்களாம்?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"பொய்லா. ஒரு வாரம் எழுதினோம். ஒருத்தனும் வந்து பாக்கல. அப்புறம் எழுதறத விட்டுட்டோம். நீங்க உள்ள வந்து பாருங்க தங்கச்சி. ஆபீஸ்ல உக்காந்துகிட்டா என்ன தெரியும்?"

நெற்றியடி. மாலை ஆறு ஐம்பதுக்கு நானும் புஷ்பாவும் தலைக்கு வலையும் காலுக்கு உறையும் மாட்டிக்கொண்டு லைனுக்குள் போனோம்.

ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடிகிறது. ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ் கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது. விட்டால் பத்து காவானிலிருந்து வீட்டுக்குப் போக வழியில்லை. அந்த வேதனையை ஒரே நாளில் நான் அனுபவித்திருக்கிறேன். லைனில் ஒன்பது பேர், கணினி ஒன்று. ஒவ்வொருவரும் முந்தையவரின் லாகினை மூடித் தன் லாகினில் நுழைந்தால் பஸ் போய்விடும். அதனால் கஸ்தூரி அக்காவின் லாகினைத் திறந்தே வைத்திருந்தார்கள். வரிசையாக வந்தார்கள். ஒருவர் 'எப்போதும் போல' என்று தட்டி ஒரு கோடு வைத்துவிட்டு நகர்ந்தார். அடுத்தவர் அதே சொல், கடைசியில் கூட்டல் குறி. அடுத்தவர் அதே சொல், நட்சத்திரம்.

"அது என்ன குறி?" என்றேன்.

"ஆளு" என்றார் கஸ்தூரி அக்கா. "ஒரு புள்ளி வச்சா நான். ரெண்டு புள்ளி ரோஸ்னா. கோடு வைக்கிறது மல்லிகா. பேரு அடிக்க டைம் ஏது? எங்களுக்குத் தெரியும் யாரு எழுதினான்னு."

நான் எழுதிய விதி நினைவுக்கு வந்தது. ஒரே லாகின், ஒரே வாசகம், ஒரே வாரம். புள்ளி, கோடு எல்லாவற்றையும் நீக்கிவிடு. இந்த ஒன்பது பேரையும் ஒரே ஆளாக்கி, எட்டுப் பேரைக் குப்பையில் போட்டது எந்தக் கம்பெனியும் இல்லை, நான். திருட்டைப் பிடிக்க வந்தவள் வீட்டைக் காலிசெய்துவிட்டேன். எனக்கு அவமானமாக இருந்தது, அதை அங்கேயே கஸ்தூரி அக்காவிடம் சொன்னேன். என் தப்பு, உங்கள் குறிப்புகளை நான்தான் அழித்தேன், கோப்பு பத்திரமாக இருக்கிறது, திரும்ப ஏற்றுகிறேன் என்று. பஸ் ஹாரன் கேட்டது. "சரி, ஏத்துங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

வியாழக்கிழமை சாப்பாட்டைப் பற்றி எழுத எதுவுமில்லை, பிஸ்கட். பாலத்தில் லாரி ஒன்று பழுதாகி நின்று, சந்திரன் அண்ணனும் நானும் கடலுக்கு நடுவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மடிக்கணினியைத் திறந்து அங்கேயே விதியை மாற்றினேன். புள்ளியும் கோடும் இனி எழுத்துக்குச் சமம். நேரத்தைத் தவிர்த்தது சோம்பேறித்தனம் என்பதை ஒப்புக்கொண்டு, எந்தக் கோப்பு எந்த நேரக் கணக்கில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது. நானும் புஷ்பாவும் கோப்புகளைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டு பகல் முழுக்க அதையே செய்தோம். நொடிவரை ஒத்துப்போனால்தான் நகல். இல்லையென்றால் தனி ஆள்.

நடுவில் பிரதிநிதி எட்டிப்பார்த்தார். இன்று மாலைக்குள் கையெழுத்துப் போட்டால் நாளை விசாரணைக்கு முன்னால் பழைய குறிப்பெல்லாம் திறந்துவிடும், அந்த அக்காவின் வேலையை ஏன் பணயம் வைக்கிறீர்கள் என்று புஷ்பாவிடம் மெதுவாகக் கேட்டார். மனசாட்சி இருப்பவர்கள் பேசுகிற மாதிரியே பேசினார். நியாயமான கேள்விதான், எனக்கும் சுருக்கென்றது.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "அவங்க எழுதினது அவங்களோடது. பூட்டினது நீங்க. தொறக்கறதுக்குக் கையெழுத்து கேக்கறதும் நீங்க. மூணு வருஷம் கழிச்சு இன்னொரு கஸ்தூரி அக்கா வந்தா அப்பவும் நீங்கதான் வருவீங்க. போய்ட்டு வாங்க சார்."

ஐந்து மணிக்கு ஏற்றி முடிந்தது. மொத்த எண்ணிக்கை பழையதோடு ஒன்றுவிடாமல் ஒத்துப்போனது. அதற்குமேல் நாங்கள் எதையும் தேடிப் பார்க்கவில்லை. முதலில் தேட வேண்டியவர் வேறு ஆள் என்றாள் புஷ்பா.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்காக நீண்ட இடைவேளை. லைன்கள் நின்று, தொழிற்சாலை முழுக்க ஒரு அமைதி. நம் ஊரில் ஒரு நாளும் இப்படி ஒரு மெஷின் மூச்சுவிட்டுப் பார்த்ததில்லை. இரண்டு மணிக்குக் கஸ்தூரி அக்கா புஷ்பாவின் அறைக்கு வந்தார். அவரோடு இன்னொரு பெண், வலது கை முழுக்கக் கட்டு. ரோஸ்னா. விசாரணைக்கு அவரையும் அழைத்திருந்தார்கள்.

கஸ்தூரி அக்கா ஒரு விரலால் தட்டினார். ஆறாம் நம்பர் சூடு.

வரிகள் இறங்கின. திரை நிறைந்து அடுத்த பக்கத்துக்குப் போயின. நாற்பத்தொரு வரிகள், எல்லாம் ஆறு மாதத்துக்கு முந்தைய அந்த ஒரே வாரம், எல்லாம் ஒரே வாசகம். கஸ்தூரி அக்கா உதட்டுக்குள்ளேயே குறிகளைப் படித்தார். கோடு. கூட்டல். ஒரு புள்ளி. நட்சத்திரம். ஒவ்வொரு நாளும் அந்த வரிசை வேறு மாதிரி. கடைசி நாளின் கடைசி வரியில் விரலை வைத்து நிறுத்தினார்.

இரண்டு புள்ளி.

ரோஸ்னா குனிந்து பார்த்தார். கவனமில்லாமல் கையை விட்டதாக அவர்மேலும் புகார் எழுதி வைத்திருந்தார்கள் என்று புஷ்பா எனக்குச் சொன்னாள். அவர் மலாயில் ஏதோ கேட்டார், இதைக் காகிதத்தில் எடுக்க முடியுமா என்று. எடுத்துக் கொடுத்தோம். லைனுக்குக் கொண்டுபோனதும், எந்தக் குறி யாருடையது என்று ஒன்பது பேரும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த வாரம் அந்தத் தொழிற்சாலையில் நான் பார்த்த ஒரே கையெழுத்து அதுதான்.

விசாரணைக்குள் என்னை விடவில்லை. வாசலில் பாதுகாவலரோடு உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டு வாழைப்பழ அப்பம் கொடுத்தார். நாலரைக்கு மேனேஜர் வெளியே வந்தார். என்னைப் பார்த்து, பத்து வருடமாக இங்கே இருந்தும் அந்தக் குறிகளைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றார். எனக்கும் புதன்கிழமை வரை தெரியாது என்றேன். கஸ்தூரி அக்கா மேலிருந்த புகாரை எடுத்துவிட்டார்கள். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அந்தக் குறிப்பை அலுவலகத்தில் யார் படித்தார்கள், ஏன் வரவில்லை என்று இனி வேறு விசாரணை நடக்குமாம். ஒப்பந்தத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. புஷ்பாவிடம், உங்கள் எஞ்சினையே வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாராம்.

ஆறு ஐம்பதுக்கு மறுபடி தலையில் வலை மாட்டிக்கொண்டு லைனுக்குப் போனேன். சந்திரன் அண்ணன் வெளியே காரில் காத்திருந்தார், காத்திருக்கட்டும் என்று விட்டேன். வரிசை நகர்ந்தது. இன்றைக்கு யாரும் 'எப்போதும் போல' எழுதவில்லை. ஆறாம் நம்பர் நிறுத்தியாச்சு, கோடு. ஆறாம் நம்பர் நிறுத்தியாச்சு, கூட்டல். ஆறாம் நம்பர் நிறுத்தியாச்சு, நட்சத்திரம். என் கையிலிருந்த திரையில், புஷ்பா அதற்குள் லைன் கணினியோடு இணைத்துவிட்ட புதிய எஞ்சின் ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக வாங்கிக்கொண்டது. கஸ்தூரி அக்கா ஒரு புள்ளி வைத்துவிட்டு விலகி நின்றார்.

வரிசையின் கடைசியில் ரோஸ்னா இருந்தார். விடுப்பில் இருப்பவர், வீட்டுக்குப் போயிருக்கலாம். இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. யாரும் அசையவில்லை. அவர் அதே வாசகத்தை முழுசாக எழுதி முடித்து, இரண்டு புள்ளி வைத்தார்.